‘டாக்டர் வண்டி’ என்று சொல்லி, வெள்ளத்தில் மூழ்கிய காரை 3,85,000 ரூபாய்க்குத் தலையில் கட்டிவிட்டார்கள்

கடையின் பெயரை இங்கே போடவில்லை. போட்டுவிடலாம் என்று கை துடிக்கிறது. ஆனால் வக்கீலாக இருக்கும் பங்காளி ஒருவர், கேஸ் போடுகிற வரைக்கும் பெயரை எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் இவ்வளவுதான் சொல்வேன்: ஈரோடு மாவட்டத்தில் பைபாஸை ஒட்டிய ஒரு பழைய கார் கடை. தகர ஷெட், முன்னால் கலர் கொடி, கழுவித் துடைத்து வரிசையாக நிறுத்திய வண்டிகள். இந்த மாதிரிக் கடைகள் நம் பக்கம் ரோட்டோரம் எத்தனையோ இருக்கின்றன, எல்லாரையும் சொல்லவில்லை. எங்கள் 3,85,000 ரூபாய் இந்த ஒரு கடையில் போனது.

பழைய கார் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

அப்பாவைக் கோவை ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி கூட்டிப் போக வேண்டியிருக்கிறது. வாடகை வண்டி கட்டுப்படியாகவில்லை. அவர் காலை நீட்டி உட்கார வேண்டும், டிக்கியில் வீல் சேர் போக வேண்டும், அதனால் செடான்தான் என்று முடிவு செய்தோம். புதுசுக்கு வசதி இல்லை. பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மஞ்சள் போட்டு வந்த பணமும், மனைவியின் நகையை அடகு வைத்த பணமும்தான் கையில்.

பழைய சாமான் வாங்கி விற்கிற ஆப் ஒன்றில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. 2013 மாடல் டீசல் செடான், டாப் மாடல், ஏர்பேக் உண்டு, ஒரே ஓனர், 72,000 கிலோமீட்டர், ‘சென்னை டாக்டர் வண்டி’. எந்தக் கம்பெனி கார் என்பது இங்கே தேவையில்லை, வண்டி செய்தவன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

நானும் அம்மாவும், கார் ஓட்டத் தெரிந்த சித்தப்பா மகனும் போனோம். கடைக்காரர் வண்டியைக் காட்டவே இல்லை. முதலில் அம்மாவுக்குச் சேர் போட்டார், காப்பி வரவழைத்தார். “எந்த ஊருங்கம்மா?” என்றார். ஊரைச் சொன்னதும், “எந்தக் கோயிலுங்க?” என்றார். கொங்கு நாட்டில் இந்தக் கேள்விக்கு, எந்தக் குலம், நமக்கு என்ன உறவு முறை என்று அர்த்தம். அம்மா குலதெய்வத்தைச் சொன்னார். அந்த ஆள் எழுந்தே நின்றுவிட்டார். “அட, அப்ப நமக்கு மாமன் மச்சான் முறையாயிப் போச்சுங்களே! அத்தை, இத மொதல்லயே சொல்லியிருக்கலாமல்லங்க?” அந்த நிமிஷத்திலிருந்து அம்மா அத்தை, நான் மாப்ளே. அப்பாவுக்கு என்ன உடம்புக்கு, எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அவருடைய அப்பாவும் இதே சீக்கில்தான் போனாராம். கண் கலங்கிற மாதிரிகூட இருந்தது. அம்மா அங்கேயே கரைந்துவிட்டார்.

அப்புறம்தான் சாவி. “ஒறம்பரைகிட்டப் போயி நான் பொய் சொல்லுவனுங்களா அத்தை? சென்னிமலை மேல வரைக்கும் ஏத்திட்டு வாங்க. முருகன் சாட்சியா மனசு ஒப்புச்சுன்னா எடுங்க, இல்லீன்னா சாவியக் குடுத்துட்டுப் போயிட்டே இருங்க.” சென்னிமலை மலைப்பாதையில் ஏற்றிப் பார்த்தோம். வண்டி சொன்னபடி கேட்டது. ஏசி ஜில்லென்று வந்தது. புது சீட் கவர், டேஷ்போர்டில் மல்லிகை வாசனை பாட்டில், கீழே முழுக்க ஒட்டிப் போட்ட செவன் டி மேட். “மேட்டுக்கு மட்டும் எட்டாயிரம் ஆச்சுங்க, மாப்ளைக்காக அது நம்ம செலவு” என்றார். அந்த மேட்டை எதற்குப் போட்டார் என்று இப்போது தெரிகிறது.

3,85,000. பேரம் பேசி இறங்கிய விலை அது. இரண்டு லட்சம் பேங்க் வழியாக, மீதி ரொக்கமாக வேண்டும் என்றார். ரசீதும் இரண்டு லட்சத்துக்குத்தான் எழுதினார். “முழுசா எழுதுனா வரி வந்துருமுங்க, ரெண்டு பேருத்துக்கும் தொந்தரவு.” ஆர்.சி. புத்தகம் பேர் மாற்றம் அவர் பொறுப்பு, படிவம் 29, 30 எல்லாம் ஓனர் கையெழுத்துடன் ரெடியாக இருக்கிறது, சீக்கிரம் முடித்துக் கையில் கொடுத்துவிடுவேன் என்றார். டெலிவரி நோட்டில் கையெழுத்து வாங்கினார். அம்மா நாலு எலுமிச்சம்பழம் வாங்கி டயருக்கு அடியில் வைத்து ஏற்றிவிட்டு வந்தோம்.

கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடியது. அப்புறம் பவர் விண்டோ சில சமயம் வேலை செய்யாது. பேட்டரி சும்மா நின்றாலே இறங்கும். போன் செய்தால், “பழைய பேட்டரிங்க மாப்ளே, மாத்திருங்க” என்றார். மாற்றினோம். அப்புறம் மழைக்காலம் வந்தது.

கோவையிலிருந்து திரும்பும்போது, அவிநாசி தாண்டி செங்கப்பள்ளிக்குப் பக்கத்தில், ராத்திரி, நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த வண்டி அப்படியே அணைந்தது. ஹெட்லைட் இல்லை, ஹசார்டு இல்லை, கண்ணாடி இறங்கவில்லை. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போகின்றன. அப்பாவை இறக்கிக் கைத்தாங்கலாகத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார வைப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. 1033க்கு அடித்து ஹைவே ஆட்கள் வந்து வண்டியை ஓரம் கட்டினார்கள்.

மறுநாள் ரெக்கவரி வண்டியில் ஏற்றி எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் கொண்டு போனோம். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பி மீட்டரையே பார்த்தார். “ஏர்பேக் லைட் எங்கீங்க?” என்றார். சாவி போட்டதும் அந்தச் சிவப்பு விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எங்கள் வண்டியில் எரியவே இல்லை. எரியாமல் இருக்க ஏதோ செய்திருக்கிறார்கள். ஏனென்றால் ஏர்பேக் கெட்டிருப்பதால், எரிந்தால் அணையாது.

அடுத்து சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். நாம் மாட்டுகிற அளவுக்கு இல்லை, உள்ளே சுருளில் இருக்கிற கடைசி முனை வரைக்கும். முதலில் நல்ல கறுப்பு நாடா. போகப் போக வெளிறியது. கடைசியில் ஒரு முழத்துக்குச் சேற்று நிறத்தில் கறை, ஓரமெல்லாம் விறைத்துப்போய், நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிர்கிறது. சீட்டைக் கழற்றி, அந்த எட்டாயிரம் ரூபாய் மேட்டைக் கிழித்து, கார்ப்பெட்டைத் தூக்கினார். அடியில் இருந்த பஞ்சு இன்னும் ஈரம். ஒயர் கனெக்டர்களைப் பிரித்தால் செம்பெல்லாம் பச்சையாகப் பூத்திருக்கிறது.

வெள்ளத்தில் முங்கிய வண்டி. எஞ்சினைக் கழுவி ஆயில் மாற்றினால் ஓடிவிடுமாம். கம்ப்யூட்டர் பெட்டிக்கும் ஒயரிங்குக்கும் உள்ளே போன சேறு மட்டும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும், மாதக்கணக்கில் மெல்ல அரித்து ஒரு நாள் கையை விரித்துவிடும் என்றார். ஒயரிங் முழுவதும், கம்ப்யூட்டர், ஏர்பேக் எல்லாம் மாற்ற அவர் சொன்ன தொகை ஒன்றரை லட்சத்துக்கு மேல். அதற்கப்புறமும் கேரண்டி கிடையாதாம். அப்படியே கொடுத்தால் இரும்பு விலைதான்.

கடைக்காரருக்கு அடித்தேன். “எலி கடிச்சிருக்கும் மாப்ளே, உங்கூட்டுலதான நிக்குது வண்டி” என்றார். எலிக்குச் சீட் பெல்ட்டில் சேறு பூசத் தெரியுமா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார். நேரில் போனால் கடைப் பையன், “மொதலாளி பழனி போயிருக்காருங்க.” இன்னொரு தடவை திருச்செந்தூர். இன்னொரு தடவை பண்ணாரி. இவ்வளவு சாமி கும்பிடுகிற ஆள்! ஒரு வழியாக நேரில் பிடித்தபோது மாப்ளே போய் ‘சார்’ ஆகியிருந்தேன். “சார், நான் வெறும் கமிஷனுங்க. விக்கச் சொன்னாங்க, வித்தேன். ஓட்டிப் பாத்துத் திருப்தியா எடுத்தேன்னு நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க?” டெலிவரி நோட்டில் அந்த வரி பொடி எழுத்தில் இருக்கிறது. அம்மா, “ஏப்பா, அத்தைன்னு கூப்பிட்டியே” என்றார். அந்த ஆள் போனைப் பார்த்துக்கொண்டே எழுந்து உள்ளே போய்விட்டார். 3,85,000 ரூபாயைவிட எனக்கு அதுதான் ஆறவில்லை.

ஆப்புக்கு எழுதினேன். ‘நாங்கள் வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்து வைப்பவர்கள் மட்டுமே’ என்று ஒரு பதில், எத்தனை தடவை எழுதினாலும் எழுத்து மாறாமல் அதே பதில். ஸ்டேஷனில், “இது சிவில் மேட்டருங்க.”

ஆர்.சி. இன்னும் என் பேருக்கு வரவில்லை. ஓனர் போனுக்கு வருகிற ஓ.டி.பி. கிடைக்கவில்லை என்று சாக்கு சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆர்.சி.யில் இருந்த விலாசம் தாம்பரம் பக்கம். பெரியம்மா மகன் அங்கேதான் வேலையில் இருக்கிறான், நேரில் போய்ப் பார்த்தான். ஓனர் டாக்டரே இல்லை, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவர். நல்ல மனிதர். வண்டி நம்பரைக் கேட்டதும் சிரித்துவிட்டாராம். “அதுவா? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல டேஷ்போர்டு வரைக்கும் தண்ணி. சரி பண்ண முடியாதுன்னு இன்சூரன்ஸ்ல பணம் குடுத்துட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாங்களே. இன்னுமா ஓடுது?”

இன்னுமா ஓடுது! அவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்துக் கணக்கை முடித்த வண்டி. ஏலத்தில் சல்லிசாக எடுத்து, சீட் கவர் போட்டு, 3,85,000 ரூபாய்க்கு எங்களிடம் தள்ளியிருக்கிறார்கள்.

சரி, விவரமாக எழுதுகிறேன் என்றேன். இப்போது அதற்கு மனசு இல்லை, தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். எல்லா சீட் பெல்ட்டையும் முனை வரை இழுத்துப் பாருங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா பாருங்கள். மேட்டைத் தூக்க விடமாட்டேன் என்றால் வந்துவிடுங்கள். வண்டி நம்பரை வைத்துக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய ஹிஸ்டரி கேளுங்கள். ஆர்.சி.யில் இருக்கிற ஓனரிடம் நீங்களே பேசுங்கள், கடைக்காரர் போட்டுக் கொடுக்கிற நம்பரில் அல்ல. பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் பதிந்து சான்று வாங்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது, அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். கொடுக்கிற பணம் முழுவதுக்கும் ரசீது.

நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் கொடுத்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பங்காளி பேப்பர் தயார் செய்கிறார். ரொக்கமாகக் கொடுத்த 1,85,000 ரூபாயை எப்படி நிரூபிப்பது என்பதுதான் இப்போது அவருக்குத் தலைவலி.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சித்தப்பா மகன் ஒரு படம் அனுப்பியிருக்கிறான். அதே கடை, அதே ஆப், புது விளம்பரம். வெள்ளைச் செடான், சென்னைப் பதிவு, ஒரே ஓனர், ‘பேங்க் மேனேஜர் வண்டி’, 4,10,000 ரூபாய், செவன் டி மேட் இலவசம். அதைப் பார்க்க அட்வான்ஸோடு யாராவது கிளம்பியிருந்தால், எனக்குச் செய்தி அனுப்புங்கள், கூட வருகிறேன்.