வட்டியை மட்டும் கொடுப்பதா, முதலையும் கொடுத்துத் தீர்ப்பதா?

அப்பாவின் நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பகுதியை ஏழை மாணவர்களின் படிப்புக்கு ஒதுக்கியபோது, அதை வைப்பு நிதியில் போட்டு வட்டியை மட்டும் வழங்குவதா, முதலையும் சேர்த்துப் பத்தாண்டுகளில் கொடுத்துத் தீர்ப்பதா என்று உடன்பிறந்தவர்களுக்குள் பல மாதங்கள் வாதம் நடந்தது. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம். தொகையின் அளவைத் தவிர்த்துவிட்டால், பெருஞ்செல்வர்கள் முன் நிற்பதும் இதே கேள்விதான்.

நிரந்தர அறக்கட்டளையில் முதல் கரையாது, குடும்பப் பெயர் நிலைக்கும்; இவை யாவரும் அறிந்தவை. என் தயக்கமெல்லாம், கொடுத்தவர் மறைந்தபின் பணம் யார் சொற்படி நடக்கும் என்பதில்தான். 1936-இல் தொடங்கிய ஃபோர்டு அறக்கட்டளையின் குழுவிலிருந்து, அது தன் பணத்தை ஈட்டித்தந்த முதலாளித்துவ முறையையே மறந்துவிட்டது என்ற மனக்குறையோடு 1976-இல் விலகியவர், கார் தொழிலதிபர் ஹென்றி ஃபோர்டின் பேரனான இரண்டாம் ஹென்றி ஃபோர்டு. சென்னையில் பச்சையப்ப முதலியார் 1794-இல் மறைந்தார். கோயில் கட்டளைகளுக்கும் தருமங்களுக்கும் அவர் எழுதிவைத்த செல்வம் நெடுங்காலம் வழக்குகளில் சிக்கி, அதன் உபரியிலிருந்து பள்ளி உருவானது 1842-இல். அந்தப் பள்ளியால் நகரம் பெற்ற நன்மை பெரிது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த முடிவை எடுத்தவர் அவர் அல்லர்.

அமெரிக்கத் தொழிலதிபர் சக் ஃபீனி இந்தச் சிக்கலுக்கே இடம் வைக்கவில்லை. வரியில்லாக் கடைகளில் ஈட்டிய செல்வத்தை, 1982-இல் தாம் தொடங்கிய அமைப்பின் வழியாக, நெடுங்காலம் பெயரை மறைத்தே வழங்கினார்; ஏறத்தாழ 800 கோடி டாலரைக் கொடுத்து முடித்து, 2020-இல் அமைப்பு மூடப்படுவதைக் கண்ணால் பார்த்தபின் 2023-இல் மறைந்தார். அவருக்கு முன்பே அமெரிக்க வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டின் நிதி, அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்கென ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழ உதவிவிட்டு, 1948-இல் கணக்கை முடித்துக்கொண்டது. பில் கேட்ஸும் தம் அறக்கட்டளை 2045-இல் மூடப்படும் என்று 2025-இல் அறிவித்திருக்கிறார்.

மூன்றாவதாக, அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸின் முன்னாள் மனைவி மெக்கன்சி ஸ்காட்டின் வழி உண்டு: தேர்ந்தெடுத்த அமைப்புகளுக்குப் பெருந்தொகையை, எதற்குச் செலவிட வேண்டும் என்ற நிபந்தனையின்றி ஒரேயடியாகக் கொடுத்துவிடுவது. பெறுபவரை நம்பும் அந்தப் பண்பு எனக்குப் பிடிக்கிறது. ஆயினும் மாணவர் ஒவ்வொருவரின் கட்டண ரசீதையும் கேட்டு வாங்கியே பழகிய நான் அதை எடைபோடத் தகுந்தவன் அல்லன்.

எங்கள் வழியிலும் குறை உண்டு. பத்தாம் ஆண்டில் கல்லூரியின் முதலாண்டில் சேர்பவருக்கு மீதிப் படிப்புக்கு யார் கட்டுவது என்று தங்கை கேட்டாள். ஏழாம் ஆண்டோடு புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிடுவதாக இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறோம்.