முப்பது பேர் கூடும் ஹாலுக்கு எந்த ஸ்பீக்கர்?

எங்கள் வீட்டில் ஹாலும் சாப்பாட்டு இடமும் சேர்ந்து 'எல்' வடிவத்தில் இருக்கும். டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. பிறந்தநாள், பொங்கல், வளைகாப்பு என்று முப்பது பேர் கூடிவிட்டால் பாட்டு ஓடியே ஆக வேண்டும். சில வருஷமாக இரண்டு வகை செட்டை மாற்றி மாற்றி ஓட்டுகிறேன்: ஆம்ப்ளிஃபயரோடு, அலமாரியில் வைக்கும் அளவுள்ள ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், பேட்டரியில் ஓடும் ஒரு பார்ட்டி ஸ்பீக்கர். டிவியின் கீழே இருக்கும் சவுண்ட்பாரைக் கணக்கில் சேர்க்கவில்லை. சோபாவில் உட்கார்ந்து படம் பார்க்க அது போதும். கூட்டம் பேச ஆரம்பித்தால் அதன் சத்தம் அமுங்கிவிடும்.

கடையில் முதலில் வாட்ஸைத்தான் சொல்வார்கள். அட்டையில் பிஎம்பிஓ (ஒரு கணம் மட்டும் எட்டும் உச்ச வாட்) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் படிக்கவே வேண்டாம், ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் வாட்) எவ்வளவு என்று கேளுங்கள். அதைவிட நான் தேடுவது சென்சிட்டிவிட்டியை: ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வருகிறது என்ற கணக்கு. வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றச் சுமார் 10 டெசிபல் ஏற வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். ஆக, 86 டெசிபல் ஸ்பீக்கர் 100 வாட்டில் போடும் சத்தத்தை 92 டெசிபல் ஸ்பீக்கர் 25 வாட்டிலேயே போட்டுவிடும். கோயில் திருவிழாவில் மரத்தில் கட்டும் கூம்பு ஸ்பீக்கர் பக்கத்து ஊர் வரை கேட்பதும் இதனால்தான். அதன் சென்சிட்டிவிட்டி 100 டெசிபலைத் தாண்டும். பேஸ், அதாவது கனமான கீழ்ச் சத்தம் மட்டும் அதில் எதிர்பார்க்க முடியாது.

பேஸ் தனிக் கதை. 80 ஹெர்ட்ஸில் வரும் சத்தத்தை அதே அளவில் இன்னும் கீழான 40 ஹெர்ட்ஸிலும் கேட்க வேண்டுமானால் ஸ்பீக்கரில் அசையும் கோன் நான்கு மடங்கு காற்றைத் தள்ளியாக வேண்டும். சின்ன வூஃபர் (பேஸ் போடும் ஸ்பீக்கர்) எங்கே போகும்? அதனால் பெரும்பாலான பேட்டரி ஸ்பீக்கர்களில் வால்யூம் ஏற ஏற உள்ளே இருக்கும் சர்க்யூட்டே பேஸை இறக்கிவிடும். சத்தம் கூடும், பறை அடி டப்பா அடியாகக் கேட்கும்.

எந்தப் பெட்டி என்பதைவிட அதை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எங்கள் ஹாலில் பெரிய வித்தியாசம் தெரிந்தது. பார்ட்டி ஸ்பீக்கரைத் தரையில் வைத்தால், எல்லோரும் எழுந்து ஆடும்போது ட்ரெபிள் (கூர்மையான மேல் சத்தம்) முழுக்க முன்வரிசைக்காரர்களின் முழங்காலோடு நின்றுவிடும். பின்னால் இருப்பவர்களுக்கு 'தும் தும்' மட்டும். அதையே நிற்பவர்களின் தலை மட்டத்துக்குத் தூக்கி வைத்தால் பாடகரின் குரல் சமையலறை வாசல் வரை தெளிவாக வரும். மூலையில் தள்ளினால் இரண்டு சுவரும் சேர்ந்து பேஸைக் கூட்டிவிடும். கொஞ்சம் வேண்டியதுதான், ஆனால் எங்கள் வீட்டு ஷோகேஸ் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. குறிப்பிட்ட ஒரு பேஸ் நோட்டு வரும்போதெல்லாம் கண்ணாடிக் கதவும் உள்ளே அடுக்கிய எவர்சில்வர் டம்ளரும் சேர்ந்து கிணுகிணுக்கும். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்றே வந்தவர்கள் நினைத்தார்கள். பெட்டியை மூலையிலிருந்து இரண்டடி நகர்த்தி, கதவு இடுக்கில் மடித்த துணியைச் செருகியதும் அடங்கியது.

ஒரே பெட்டியை அலறவிட்டால் பக்கத்தில் இருப்பவர்தான் பாவம். "பாட்டு நல்லாத்தான்ப்பா இருக்கு, யாரு என்ன பேசுறாங்கன்னு ஒண்ணும் கேக்கலையே" என்று அத்தை எழுந்து பால்கனிக்கே போய்விட்டார். புக்‌ஷெல்ஃப் ஜோடியை ஹாலில் ஒன்று, சாப்பாட்டு இடத்தில் ஒன்று என்று பிரித்து வைத்தால் பாதி வால்யூமே போதும், எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு சத்தம். இப்படி வைக்கும்போது போன் செட்டிங்கில் மோனோ ஆடியோவைப் போட்டு, இரண்டு சேனலையும் ஒன்றாகக் கலந்துவிடுங்கள். இல்லையென்றால் இடது சேனலில் இருக்கும் வயலின் ஹால்காரர்களுக்கு, வலது சேனல் தபேலா சாப்பிடுபவர்களுக்கு என்று பாட்டுக்குப் பாகப்பிரிவினை நடந்துவிடும்.

மொட்டை மாடிக்குப் பார்ட்டி ஸ்பீக்கர்தான். அங்கே சத்தத்தைத் திருப்பி அனுப்பச் சுவர் கிடையாது. தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். பேட்டரி நேரத்தை மட்டும் அப்படியே நம்பித் திட்டம் போடாதீர்கள். ஜேபிஎல் பார்ட்டிபாக்ஸ் 110-ஐ எடுத்துக்கொண்டால் 160 வாட், 12 மணி நேரம் வரை. இரண்டும் சரிதான், ஆனால் சேர்ந்து வராது. 160 வாட்டை 12 மணி நேரம் முழுசாக ஓட்டக் கிட்டத்தட்ட 2 யூனிட் கரண்ட் வேண்டும். அவ்வளவு பேட்டரி அந்தச் சைஸ் பெட்டியில் அடங்காது. மிதமான வால்யூமுக்குத்தான் அந்த நேரம். என்னுடையதில் வாங்கிய புதிதில் நின்ற அளவு இப்போது சார்ஜ் நிற்பதில்லை. முழு இரவு நிகழ்ச்சி என்றால் ஒயரை இழுத்துவிடுகிறேன்.

புளூடூத் பாட்டுக்குப் போதும். ஆனால் அதில் சத்தம் கொஞ்சம் தாமதமாக வரும், அதனால் கரோக்கிக்கு மைக்கை நேராக ஸ்பீக்கரிலேயே செருகுங்கள்.

அக்கம்பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. சுவரைத் தாண்டிப் போவது பெரும்பாலும் பேஸ்தான். ஒன்பதரைக்கே ஈக்வலைசரில் அதை இறக்கிவிட்டால் உள்ளே பாட்டு தொடரும், கீழ் வீட்டிலிருந்து போன் வராது.

அடுத்து வாங்கினால், ஒரு ராட்சதப் பெட்டிக்குப் பதில் 90 டெசிபலுக்கு மேல் சென்சிட்டிவிட்டி உள்ள ஜோடியும், தரையில் வைக்க, பேஸுக்கென்றே ஒரு சப்வூஃபரும்தான். மாடிக்குப் பழைய பார்ட்டி ஸ்பீக்கரே போதும்.