தோமியே அச்சுப்படம்: நாளிதழ்ப் பிரதியா, வெள்ளைத்தாள் பிரதியா?

எழுதும் பெண்களைக் கிண்டலடித்து பிரெஞ்சு ஓவியர் ஓனோரே தோமியே 1844இல் வெளியிட்ட 40 கல்லச்சுப் படங்களில் (கல்லில் வரைந்து தாளில் அச்சிட்டவை) ஒன்றை வாங்க நினைப்பவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

விலை: 'ல ஷாரிவாரி' நாளிதழில் வந்த பிரதி மலிவு, எளிதில் கிடைக்கும். வெள்ளைத்தாள் பிரதி தனியே விற்க அச்சிட்டது. அரிது, விலையும் கூட.

தாள்: நாளிதழ்த் தாள் மெலிசு, பழுப்பேறியிருக்கும். ஆனால் மரக்கூழ் காலத்துக்கு முந்தைய கந்தல்துணித் தாள் என்பதால் சட்டென்று நொறுங்காது.

தெளிவு: இதில் வெள்ளைத்தாளை அடித்துக்கொள்ள முடியாது. தாய் எழுத்தில் மூழ்கியிருக்க, குழந்தை தொட்டித் தண்ணீருக்குள் தலைகுப்புற விழுந்து கிடக்கும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாளிதழில் பின்பக்க எழுத்துகள் ஊடே தெரிந்து நிழல்களைக் கலங்கடிக்கும். வெள்ளைத்தாளில் கல்மேல் ஓடிய மெழுகுப் பென்சிலின் சொரசொரப்பு வரை தெரியும். அரசனைக் கேலி செய்து சிறைக்குப் போன கலைஞர், பேனா பிடித்த பெண்ணை இப்படி வரைந்தது எனக்கு இன்றும் கசக்கிறது.

சரி, எது யாருக்கு? சுவரில் மாட்ட வெள்ளைத்தாள். வகுப்பில் காட்டவும் ஆய்வுக்கும் நாளிதழ்ப் பிரதியே மேல். அன்றைய செய்தியும் பின்னாலேயே இருக்கும். வண்ணம் பூசிய பிரதி என்றால், எந்தக் காலத்தில் பூசியது என்று கேட்காமல் வாங்காதீர்கள்.