5040 என்ற எண்ணைக் கொண்டு ஒரு கலைக்களஞ்சியத்தைச் சோதித்தல்

முழுஎண் தொடர்வரிசைகளின் (ஏதேனும் ஒரு விதிப்படி அமைந்த முழுஎண் வரிசைகளின்) இணையவழிக் கலைக்களஞ்சியத்தில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தொடர்வரிசைகள் உள்ளன. அதன் தரத்தை அந்த எண்ணிக்கையால் அளப்பதைவிட, நமக்கு ஓரளவு பழக்கமான ஓர் எண்ணைக் கொடுத்து, அதைப் பற்றி நமக்குத் தெரியாத எதையாவது அது கற்றுத்தருகிறதா என்று பார்ப்பதே முறையான சோதனை என்று கருதி, நான் 5040-ஐ எடுத்துக்கொண்டேன். கணிதவியலர் நீல் ஸ்லோன் 1964-இல் மாணவராக இருந்தபோது தொடங்கிய இத்தொகுப்பு, 1973-இல் நூலாக வெளிவந்து, 1996-இல் இணையத்துக்கு வந்தது. இதைப் பயன்படுத்தக் கட்டணம் இல்லை.

தனியாக 5040 என்று மட்டும் தேடினால் விடைகள் மலைபோல் குவியும். அதற்கு முன் வரும் உறுப்புகளையும் சேர்த்து 6, 24, 120, 720, 5040 என்று கொடுத்தால் காரணீயப் பெருக்கங்களின், அதாவது 1 முதல் ஓர் எண் வரையிலான எல்லா எண்களையும் பெருக்கிக் கிடைப்பவற்றின், பதிவான ஏ000142 கிடைக்கிறது. 1 முதல் 7 வரையிலான எண்களைப் பெருக்கினால் 5040 வரும் என்பது பலருக்கும் தெரியும். 7, 8, 9, 10 ஆகிய நான்கை மட்டும் பெருக்கினாலும் அதே 5040 வருகிறது என்பதும், அதனுடன் ஒன்றைக் கூட்டினால் 71-இன் வர்க்கமான 5041 கிடைக்கிறது என்பதும் அந்த அளவுக்குப் பரவலாகத் தெரியாதவை. காரணீயப் பெருக்கத்துடன் ஒன்றைக் கூட்டி முழு வர்க்கம் பெறுவது 4, 5, 7 ஆகிய மூன்று எண்களுக்கு மட்டுமே இதுவரை கண்டறியப்பட்டுள்ளது. 1876-இல் பிரெஞ்சுக் கணிதவியலர் புரோகார்டு எழுப்பி, 1913-இல் இராமானுஜனும் கேட்ட இந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை.

அதே எண்ணை 1260, 1680, 2520 ஆகியவற்றின் பின்னால் வைத்துத் தேடினால், தம்மைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிகமான வகுஎண்களைக் கொண்ட எண்களின் பட்டியல் வருகிறது. 1915-இல் இராமானுஜன் விரிவாக ஆராய்ந்த உயர் பகு எண்கள் இவையே. 5040-க்கு 60 வகுஎண்கள். 1 முதல் 10 வரை எல்லா எண்களாலும் அது மீதியின்றி வகுபடும். பிளேட்டோ தம் இலட்சிய நகரத்துக்கு 5040 குடிகளை விதித்ததும் இந்த வகுபடும் தன்மைக்காகவே.

பதிவுகளின் நடை மிகச் சுருக்கமானது. சூத்திரங்களை விளக்கமின்றி அடுக்கிச் செல்வதால், பள்ளி மாணவர் ஒருவர் துணையின்றி இதில் நுழைவது கடினம். ஆயினும் ஒரே எண் வெவ்வேறு காரணங்களுக்காக எங்கெங்கே தோன்றுகிறது என்பதை இவ்வளவு நேர்த்தியாகக் காட்டும் வேறொரு சேவையை நான் பயன்படுத்தியதில்லை.

என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது 2-இல் தொடங்கி 5040-இல் முடியும் 27 எண்களின் பட்டியல். 5040-இன் வகுஎண்களின் கூடுதல் 19344. அதை 5040-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3.838 வரும். எண்ணின் இயல் மடக்கைக்கு மீண்டும் இயல் மடக்கை எடுத்து, 1.781 என்ற மாறிலியால் பெருக்கிக் கிடைக்கும் வரம்போ ஏறத்தாழ 3.817தான். இவ்வரம்பை எட்டும் அல்லது மீறும் எண்களே அப்பட்டியலில் உள்ளன. 5040-க்கு மேல் அத்தகைய எண் எதுவும் இல்லை என்பதும், பகா எண்களின் பரவலோடு தொடர்புடைய, இன்னும் நிறுவப்படாத ரீமன் கருதுகோள் உண்மை என்பதும் ஒன்றே என்று 1984-இல் கணிதவியலர் கி ரோபன் நிறுவினார். இருபத்தெட்டாவது எண் ஒன்று அப்பட்டியலில் சேருமானால், ரீமன் கருதுகோள் அன்றே பொய்யாகிவிடும்.