ரெண்டு மணி நேரத்துல முடியற ரிலாக்ஸ் கேம்ஸ், குடுத்த காசுக்கு வொர்த்தா?

கேம் வாங்கறதுக்கு முன்னாடி அது எத்தன மணி நேரம் ஓடும்னு தேடிப் பாத்து, விலைய அதால வகுத்து, மணிக்கு இவ்ளோவா, வேணாம்பான்னு மூடிட்டுப் போறவங்க நிறைய பேரு. அந்தக் கணக்குல சின்ன இண்டி கேம் (பெரிய கம்பெனி இல்லாம ஒருத்தரோ குட்டி டீமோ பண்றது) எதுவுமே தேறாது, இஷ்டத்துக்கு சுத்தித் திரியற நூறு மணி நேர ஓப்பன் வேர்ல்டு கேம்தான் எப்பவும் ஜெயிக்கும். ஆனா அந்த நூறுல பாதி, மேப்ல இருக்கற ஐகான ஒண்ணொண்ணா அழிக்கறதுலயே போயிடுதே, அத எந்தக் கணக்குல கழிக்கறது? சில வருஷமா பெரிய கேம் ஒண்ணு, நடுநடுவுல இந்த மாதிரி குட்டி கேம்னு மாத்தி மாத்தி ஆடிட்டு வரேன். எது இன்னும் மனசுல நிக்குது, எது ஒரு வாரத்துல மறந்து போச்சுன்னு இப்ப ஓரளவு சொல்ல முடியும்.

முதல்ல எ ஷார்ட் ஹைக். 2019ல வந்தது, ஆடம் ராபின்சன்-யூ பண்ணது, 2020 இண்டிபென்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவல்ல பெரிய பரிசு இதுக்குத்தான் கெடச்சுது. க்ளேர்னு ஒரு குட்டிப் பறவை, ஒரு போன் கால் வரணும், சிக்னல் மலை உச்சிலதான் கிடைக்கும், ஏறணும், அவ்ளோதான் கதை. நேரா ஏறினா ரெண்டு மணி நேரம்கூட ஆகாது. ஆனா நேரா ஏற விடாது, அதுதான் விஷயம். ஏறறதுக்கு தங்க இறகு வேணும், ஒரு இறகு கூடினா இன்னும் கொஞ்சம் உயரம் பிடிச்சு ஏறலாம், அந்த இறகத் தேடி சைடுல போனா ஒருத்தர் மீன் பிடிக்க சொல்லித் தருவாரு, இன்னொருத்தர் ரேஸ் வெக்கலாமான்னு கேப்பாரு, அப்படியே எங்கியோ போய் நிப்போம், எதுக்கு வந்தோம்னே மறந்துரும். மேப் கிடையாது. மொதல்ல கடுப்பா இருக்கும், ஆனா அதனாலயே அந்தத் தீவு முழுசும் மண்டைல ஏறிடுது, எந்தப் பாறைக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு இப்பவும் கண்ண மூடிட்டு சொல்லுவேன். அம்பது மணி நேரம் ஆடின பெரிய கேம்ல ஒரு ஊருலேந்து இன்னொரு ஊருக்கு வழி கேட்டா எனக்குத் தெரியாது, ஏன்னா அங்க நான் பாத்தது ரோட்ட இல்ல, ஸ்க்ரீன் மூலைல இருக்கற மினிமேப்ப. அந்த போன் கால் யாருதுன்னு சொல்ல மாட்டேன், ஆடிப் பாருங்க. உச்சிலேந்து பறந்து இறங்கற அந்த ஒரு தடவைக்காகவே மறுபடி மறுபடி இன்ஸ்டால் பண்ணிருக்கேன்.

அன்பேக்கிங் வேற ரகம். ஆஸ்திரேலியாவோட விட்ச் பீம் 2021ல விட்டது. 1997லேந்து 2018 வரைக்கும் ஒரு பொண்ணு வீடு மாறிட்டே இருக்கா, பெட்டியப் பிரிச்சு சாமான எடுத்து வெக்கறதுதான் நம்ம வேலை. இதுக்கு ஒரு கேமான்னு தோணும், எனக்கும் தோணுச்சு. டயலாக்கே இல்ல, அந்தப் பொண்ணக்கூட நேர்ல காட்டல. ஆனா 2010 லெவல்ல, ஏற்கெனவே ஒருத்தன் இருக்கற வீட்டுக்கு குடிபோறா, அவன் சாமானே எல்லா இடத்தையும் அடைச்சிட்டு கிடக்கு, இவளோட டிகிரி சர்டிஃபிகேட்ட மாட்ட ஒரு செவுரு கிடைக்காது, கடைசில கட்டிலுக்கு அடியிலதான் தள்ளணும். அத நம்ம கையாலயே தள்ளணும்ங்கறதுதான் அடி. நடுவுல படம் மாதிரி ஓடற கட் சீன்ல யாராவது அழுது சொல்லிருந்தா ஸ்கிப் பண்ணிட்டுப் போயிருப்பேன். பிரிட்டன்ல குடுக்கற பாஃப்டா கேம்ஸ் அவார்ட்ஸ்ல 2022ல கதைக்கு ஒரு அவார்டு வாங்குச்சு, ஒரு வசனம்கூட இல்லாத கேமுக்கு! குறைன்னா, சில சாமான் எங்க வெக்கணும்னு கேம் அடம் பிடிக்கும், செவப்பு கோடு போட்டு காட்டிட்டே இருக்கும், அத ஆஃப் பண்ண செட்டிங்ஸ்ல ஆப்ஷன் இருக்கு. இன்னொரு குறை, ரெண்டாவது தடவ ஆடறப்போ அந்த அடி விழாது, தெரிஞ்ச கதை ஆயிடுது. அதுக்காக காசு வேஸ்ட்னு சொல்ல மாட்டேன்.

இப்ப டெப்த், அதாவது மூளைக்கு வேலை குடுக்கற ஆழம், பத்தி கேக்கறவங்களுக்கு டோர்ஃப்ரொமான்டிக். பெர்லின்ல டோகானா இன்டராக்டிவ்னு குட்டி டீம், 2022ல முழு வெர்ஷன் வந்துச்சு. அறுகோண டைல் ஒண்ணொண்ணா வரும், காடு காட்டோட, வயல் வயலோடன்னு ஒட்டணும். பாக்க சாந்தமா இருக்கும். ஆனா ஹை ஸ்கோர் ஆசை வந்துச்சுன்னா தொலைஞ்சீங்க. கரெக்டா இத்தன மரம்தான் இருக்கணும்னு ஒரு டாஸ்க், பக்கத்துலயே ஆறு ஓடுது, ஆத்த ஆத்தோடதான் சேக்க முடியும், கைல மிச்சம் இருக்கற டைல் கம்மி, ஒரு டைல வெச்சுட்டு அஞ்சு நிமிஷம் திருப்பிட்டே உக்காந்திருப்பேன். இதுல ரிலாக்ஸ் எங்க இருக்கு? ஸ்டேஷன்கள கோடு போட்டு இணைச்சு ரயில் விடற மினி மெட்ரோவும் இதே கதைதான், வெள்ளை பேக்ரவுண்டு, கலர் கோடு, மெல்லிசா சவுண்டு, எல்லாம் அழகு, ஒரு ஸ்டேஷன்ல கூட்டம் சேர ஆரம்பிச்சா தோசை தீயுதுன்னு அடுப்படிக்கு ஓடற மாதிரிதான் ஓடணும். என் அனுபவத்துல ரிலாக்ஸும் டெப்த்தும் ஒரே நேரத்துல முழுசா கிடைக்கறது ரொம்ப அபூர்வம். அதனாலதான் ரெண்டுலயும் கிரியேட்டிவ் மோட்னு தனியா ஒண்ணு குடுத்திருக்காங்க போல. தோக்கற பயம் இல்லாம ஆடலாம், ஆனா எனக்கு அதுல அரை மணி நேரத்துல கொட்டாவி வந்துடும்.

டவுன்ஸ்கேப்பர் அழகோ அழகு. கடல் மேல க்ளிக் பண்ணா வீடு மொளைக்கும், நாலு பக்கமும் அடைச்சா நடுவுல தோட்டம் வரும், பண்ணவர் ஆஸ்கர் ஸ்டால்பெர்க் மூளைய பாராட்டியே ஆகணும். ஆனா டார்கெட் இல்ல, ஸ்கோர் இல்ல, அதோட ட்ரிக்ஸ் எல்லாம் தெரிஞ்சதும் திறக்க காரணம் இல்லாம போச்சு. அது கேம் இல்ல பொம்மைன்னு நெனச்சு வாங்கினா ஏமாற மாட்டீங்க.

நிஜமா ஏமாத்தறது வேற கூட்டம். கோசின்னு, அதாவது கதகதப்பா ரிலாக்ஸா இருக்கும்னு, பேர ஒட்டி, பேஸ்டல் கலர் அடிச்சு, உள்ள போனா தினமும் தண்ணி ஊத்து, எனர்ஜி தீந்துச்சு தூங்கு, நாளைக்கு வா. ஆபீஸ் முடிச்சு வந்து இன்னொரு ஆபீஸ். முப்பது மணி நேரம் ஓடுது பாருன்னு விளம்பரம் பண்றாங்க, அந்த முப்பதுல கேம் இருக்கறது மூணு மணி நேரம்தான், மிச்சம் காத்திருக்கற நேரம்.

இன்னொண்ணு சொல்லணும். கம்ப்யூட்டர் கேம் விக்கற ஆன்லைன் கடையான ஸ்டீம்ல வாங்கி 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்கு கம்மியா ஆடிருந்தா ரீஃபண்ட் கேக்கலாம். நல்ல ரூல்தான், நானும் உபயோகிச்சிருக்கேன், பிடிக்காத கேமுக்கு. ஆனா ஒண்ணரை மணி நேர கேம முழுசா ரசிச்சு முடிச்சுட்டு, சின்னதா இருக்குன்னு காசத் திருப்பி வாங்கறது எனக்கு ஒப்பல. சின்ன கேமுக்கு காசு குடுக்க மனசு வராதது புதுசும் இல்ல. 2014ல மான்யுமென்ட் வேலிங்கற மொபைல் புதிர் கேமுக்கு புதுசா எட்டு லெவல் பண்ணி தனியா காசு கேட்டதுக்கு, ரிவ்யூல ஒரு ஸ்டாரா குத்தினாங்க, கேம் நல்லா இல்லன்னு இல்ல, அப்டேட்டுக்கு எதுக்கு காசுன்னு.

எத வாங்கறதுன்னு கேட்டா, மொதல்ல எ ஷார்ட் ஹைக், அத முழு விலைக்கே வாங்கலாம், கன்ட்ரோலர் இருந்தா அதுல ஆடுங்க. அன்பேக்கிங்கும் அப்படித்தான், ஆனா மொபைல்ல வேணாம், சின்ன ஸ்க்ரீன்ல குட்டி குட்டி சாமானப் பாத்து கண்ணு வலிக்கும், டேப்லெட்னா ஓகே. டோர்ஃப்ரொமான்டிக், மினி மெட்ரோ ரெண்டும் வருஷக்கணக்குல ஓடும், மணிக் கணக்கு பாக்கறவங்களுக்கே கட்டுப்படியாகும். டவுன்ஸ்கேப்பர் மட்டும் டிஸ்கவுண்ட் வர வரைக்கும் விஷ்லிஸ்ட்ல கிடக்கட்டும்.