ராணிப்பேட்டை குரோமியக் கழிவு: அங்கேயே மூடுவதா, அள்ளி மாற்றுவதா?

சிப்காட் அரசுத் தொழிற்பேட்டையில் 1990களில் மூடிய குரோமிய ரசாயன ஆலை விட்டுப்போன கழிவு லட்சக்கணக்கான டன். என்ன செய்யலாம் என்றால் இரண்டு பதில்கள்தான்.

செலவு: மூட, களிமண்ணும் பிளாஸ்டிக் விரிப்பும் போதும். அள்ள, லாரி, புதுக்குழி, அடியில் 1.5 மி.மீ. விரிப்பு, கசிவுநீர்க் குழாய் என்று பல மடங்கு ஆகும்.

நிலத்தடி நீர்: இதுதான் முக்கியம். கழிவிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் (Cr-6, குரோமியத்தின் நச்சு வடிவம்) தண்ணீரில் எளிதாகக் கரையும். குவியலில் ஊறி வரும் மழைநீரே மஞ்சளாக ஓடும். மேல்மூடி மழையைத் தடுக்கும், மழைக்காலத்தில் அடியிலிருந்து ஏறும் நீரைத் தடுக்காது. அடியில் விரிப்பு போட்டு மேலேயும் மூடிய புதுக்குழி இரண்டையும் தடுக்கும்.

ஆபத்து: அள்ளும்போது பறக்கும் தூசி புற்றுநோய் தரக்கூடியது. நனைத்து, தார்ப்பாய் போட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

பணமும் குழியும் தயாராகும்வரை மூடிவையுங்கள், சரி. ஆனால் நீர்மட்டம் குவியலைத் தொடும் இடத்தில் அள்ளியே ஆக வேண்டும். ஏற்கெனவே பாலாற்றுப் பக்கம் இறங்கிய நஞ்சுக்கு இரண்டுமே போதாது. நீரை இறைத்துச் சுத்திகரிக்கணும்.