செடியின் பெயர் கண்டுபிடிக்க: சீக், பிளான்ட்நெட், ஒரு தாள் திறவுகோல்

மாணவர்களை வெளியே கூட்டிப்போய்ச் செடிகளை அடையாளம் காண வைக்க இரண்டு இலவசச் செயலிகள் கைகொடுக்கின்றன. ஒன்று, உயிரினங்களைப் படமெடுத்துப் பதிவிடும் இணையதளமான ஐநேச்சுரலிஸ்ட் குழுவின் சீக். மற்றது பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் உருவாக்கிய பிளான்ட்நெட். இரண்டுமே நல்லவைதான். ஆனால் போனை முதலில் நீட்டினால் பெயர் வரும், செடியை யாரும் பார்க்க மாட்டார்கள். கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக விடை சொல்லிக்கொண்டே போய்ச் செடியின் பெயரை அடையும் தாள், அதாவது திறவுகோல், முதலில்; போன் பிறகு.

சீக்கில் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. சின்ன வகுப்புகளுக்கு அதுவே பெரிய நிம்மதி. கேமராவைக் காட்டினால் திரையின் மேல் புள்ளிகள் ஒவ்வொன்றாக நிறையும்; பெரிய பிரிவிலிருந்து குடும்பம், பேரினம், இனம் என்று வகைப்பாடு குறுகிக்கொண்டே வருவதை அவை காட்டும். குடும்பத்தோடு நின்றுவிட்டால் அதற்குமேல் செயலிக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். இந்தத் தயக்கத்தை மாணவர்கள் கண்ணால் பார்ப்பது, சரியான விடை கிடைப்பதைவிட மேலான பாடம். புதிய உயிரினங்களைக் கண்டுபிடித்தால் செயலி தரும் பேட்ஜ்கள் பிள்ளைகளை நன்றாக ஓடவைக்கும், சில சமயம் அளவுக்கு மீறி. பத்து நிமிடத்தில் இருபது செடியைப் படமெடுத்துவிட்டு வந்து நிற்பார்கள். மூன்று அடையாளங்களை நோட்டில் எழுதிய செடிதான் கணக்கில் சேரும் என்று சொல்லிவிட்டால் வேகம் தானே குறையும்.

பெரிய வகுப்புகளுக்குப் பிளான்ட்நெட் பொருத்தம். அது ஒரே பெயரோடு நிற்காமல் பல பெயர்களை மதிப்பெண்ணோடும் ஒப்பிடப் படங்களோடும் வரிசைப்படுத்தும். முதலில் இருப்பதை அப்படியே எழுதிக்கொள்வதுதான் வழக்கமான தவறு. முதல் மூன்றையும் எடுத்து, எதை ஏன் தள்ளினோம் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் படம் மட்டும் எடுத்துவந்து பிறகு ஏற்றலாம். அப்போது இரண்டு செடிகளின் படங்கள் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு செடியையும் எடுக்கும் முன் அதன் எண் எழுதிய சீட்டை ஒரு படம் எடுத்தால் போதும்.

செயலி தவறுவதற்குப் பாதிக் காரணம் படம்தான். தூரத்திலிருந்து முழுப் புதரை எடுப்பார்கள். பின்னால் வேறு செடியின் இலை இருக்கும். இலைக்குப் பின்னால் வெள்ளைத்தாள் பிடித்து மேல்புறம், அடிப்புறம், தண்டில் சேரும் கணு என மூன்று படங்கள், பூ இருந்தால் முன்னிருந்தும் பக்கவாட்டிலும் இரண்டு.

இனி தாள். இடத்தை முந்தின நாளே சுற்றிவந்து, அங்கே இருக்கும் எட்டுப் பத்துச் செடிகளுக்கு மட்டும் திறவுகோல் தயாரியுங்கள். ‘இலை பெரியதா?’ என்ற கேள்வி வேலைக்காகாது. ஒரே செடியில் இரண்டு அளவும் இருக்கும். ‘கணுவுக்கு ஓர் இலையா, எதிரெதிராக இரண்டா?’ என்பது உறுதியான கேள்வி. தண்டு சதுரமா, கிள்ளினால் பால் வருகிறதா, கசக்கினால் மணக்கிறதா என்பதெல்லாம் கேமராவுக்கு எட்டாதவை. எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. அதைக் கிள்ளுவது ஆசிரியர் வேலை.

அதிகம் தடுமாறும் இடம் கூட்டிலை, அதாவது பல சிற்றிலைகளாகப் பிரிந்த ஒரே இலை. வேம்பில் கோணமொட்டு (இலை தண்டோடு சேரும் மூலையில் இருக்கும் மொட்டு) முழு இலையின் அடியில் மட்டும் இருக்கும், சிற்றிலைகளின் அடியில் இருக்காது. ஆகவே அந்தக் கொத்து முழுவதும் ஒரே இலை. கீழாநெல்லியும் மேலிருந்து பார்த்தால் அப்படியே கூட்டிலைதான். திருப்பிப் பிடித்தால் ஒவ்வோர் இலையடியிலும் பூவோ குட்டிக்காயோ தொங்கும். அது கூட்டிலை இல்லை, தனியிலைகள் கொண்ட சிறுகிளை. மேலிருந்து மட்டும் எடுத்த படத்தில் இது எதுவுமே தெரியாது. 10 மடங்கு கைலென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துச் செடியைக் கிட்டே கொண்டுவரச் சொல்லுங்கள். பலரும் லென்ஸைச் செடிமேல் பிடித்துவிட்டு மங்கலாக இருக்கிறது என்பார்கள்.

நாலு பேருக்கு ஒரு போன், ஒரு லென்ஸ், ஒரு திறவுகோல் தாள் போதும். போன் பிடிப்பவர் செடிக்குச் செடி மாறட்டும். குறிப்பு பென்சிலில் இருக்கட்டும், பேனா மை ஈரத்தில் கரையும். மாதிரியைச் செய்தித்தாளில் அழுத்தினால் முதல் சில நாள் தினமும் தாளை மாற்றுங்கள்; இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். செயலி எவ்வளவு உறுதியாகப் பெயர் சொன்னாலும் அதை நம்பி எதையும் வாயில் வைக்கக்கூடாது என்பதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.